ஸ்வெட்டர் மாத்திரை

அந்த வீட்டில் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது பூனைதான். அதுவரை அடுப்பு மேடையின் ஓரத்தில் சுருண்டு கிடந்த பூனை, ஒரு மார்கழிக் காலையில் எழுந்து வந்து, பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஃபிளாவியாவின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. மறுநாளும் அங்கேதான். அவள் எழுந்து போனால் பின்னாலேயே போனது. அவள் புருஷன் ரொமால்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏட்டி, என்னய விட இந்தச் சவத்துக்கு உம்மேல பாசம் சாஸ்தியால்லா இருக்கு?"

"பாசம் ஒண்ணுமில்ல. அடுப்பு மாதிரி கொதிக்கேன். கையத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். காய்ச்சல் சூடு இல்லை. இறக்கி வைத்த சோற்றுப்பானையைத் துணியோடு பிடித்தால் இருக்குமே, அப்படி ஒரு பதமான சூடு. தூத்துக்குடியில் மார்கழிக் குளிர் என்பது பெயருக்குத்தான். ஆனாலும் ரொமால்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். படகுக்காரர்களுக்கு நாளெல்லாம் ஐஸ் பார் உடைத்துப் போட்டுவிட்டு விறைத்த கையோடு வீட்டுக்கு வருகிறவனுக்கு அந்தச் சூடு சொர்க்கமாக இருந்தது. கையை அவள் கழுத்தடியில் வைத்துக்கொள்வான். அவள் திட்டுவாள், ஆனால் தட்டிவிட மாட்டாள். அந்த மார்கழி முழுக்க அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

ஃபிளாவியா கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பளத்தில் வேலை பார்த்தவள். அங்கே வெயில் மேலிருந்து ஒரு தரம் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழிருந்து இன்னொரு தரம் அடிக்கும். கண் பூத்துப்போகும், காலெல்லாம் வெடிக்கும். அவளை அந்த வெயிலிலிருந்து மீட்டுவிட வேண்டும் என்பதுதான் ரொமால்டின் வைராக்கியம். அந்த மார்கழிக்குக் கொஞ்சம் முந்தி, தெரிந்தவர் தெரியாதவர் காலையெல்லாம் பிடித்து, இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை வாங்கினான். பெரிய கூடம், கூடம் முழுக்க ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற குளிர். அந்தக் குளிரில் வைத்து உரித்த இறாலைத்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான். "எம் பொண்டாட்டிக்கு இனி வெயிலே கிடையாதுடே" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முன்பு அந்தக் கூடத்துக்குள் போகிறவர்களுக்குக் கரடித் தோல் மாதிரி கனத்த கோட்டும் தடித்த கையுறையும் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஓர் அறையும் இருந்தது. கோட்டு போட்டால் கை ஓடாது, வெளியே வந்தால் வேலை ஓடாது. கம்பெனிக்குப் பொறுக்குமா? ஃபிளாவியா சேர்ந்த வருஷம் கோட்டுக்குப் பதிலாக ஒரு மாத்திரை வந்தது. மீன் எண்ணெய் மாத்திரை போல மஞ்சளாக, வழுவழுவென்று இருக்கும். அதை விழுங்கிவிட்டுக் குளிருக்குள் போனால் உடம்பே தனக்கு வேண்டிய சூட்டைப் போட்டுக்கொள்ளும். பெண்கள் அதற்கு ஸ்வெட்டர் மாத்திரை என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நாள் தயங்கி நின்றவர்களிடம் மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டார். "இது மருந்தில்லம்மா, வைட்டமின். கேரட்ல இருக்குல்லா, முருங்கக்கீரையில இருக்குல்லா, அதே சத்துதான். சும்மா சத்து குடுக்கோம், அதுக்கும் முகத்தச் சுளிச்சா எப்படி?"

வைட்டமின் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதையே தனி. மருந்து என்றால் நாலு கேள்வி கேட்போம். வைட்டமின் என்றால் கையை நீட்டுவோம். அரசாங்கத்தில் மேலே உட்கார்ந்திருந்த அதிகாரிகளும் நம்மைப் போன்றவர்கள்தானே. சத்துக்கு எதற்குச் சோதனை என்று விட்டுவிட்டார்கள்.

மாத்திரை சொன்னதைச் செய்தது. மெல்லிய பருத்திச் சட்டையோடு பெண்கள் முழு ஷிப்டும் உள்ளே நின்று இறால் உரித்தார்கள். கூடவே எல்லோரும் இளைத்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு போட்ட சதை, மடிப்பு மடிப்பாக ஏறியிருந்த தொப்பை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கின. ஊருக்கு வயிற்றெரிச்சல். கல்யாண வீடுகளில் கம்பெனிப் பெண்களை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கும் ரெண்டு கொண்டாயேன்" என்று கேட்டார்கள். ஃபிளாவியா பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் அவள் இலையைத் தாண்டவே முடியாது. அவ்வளவு பசி. அத்தனையும் தின்றுவிட்டு ஒடிந்துவிடுகிற மாதிரி எழுந்து வருவாள். கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

சித்திரை வந்தபோது பூனை அவளை விட்டுவிட்டுச் சிமெண்டுத் தரைக்குப் போய்விட்டது. ஃபிளாவியாவுக்குப் போக்கிடம் இல்லை. உட்கார்ந்தாலும் வேர்த்தது, படுத்தாலும் வேர்த்தது. உள்ளே யாரோ அடுப்பை விசிறிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள். கன்னம் ஒட்டியது. ஒரு நாள் கல்யாண மோதிரம் கழன்று இறால் கூடைக்குள் விழுந்தது. அவளுடைய அக்கா தெக்லா, பக்கத்துத் தெருவில் இருப்பவள், வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது உடம்புச் சூடுல்லா! கண்ணப் பாரு, எரிஞ்சுபோய்க் கெடக்கு. தம்பி, நீங்களாவது சொல்லப்படாதா? எண்ணெ தேச்சுக் குளிக்க வைங்க. வெந்தயம் குடுங்க, நுங்கு வாங்கிக் குடுங்க. குளிர்ச்சியா வச்சா ரெண்டு நாள்ல அமந்துரும்."

இதில் தெக்லாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் பாஷையே அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறது. நல்லதெல்லாம் நமக்குக் குளிர்ச்சி. பிள்ளையைப் பார்த்தால் கண் குளிர்கிறது, நல்ல சேதி கேட்டால் மனம் குளிர்கிறது, புகழ்ந்தால் உச்சி குளிர்கிறது. கெட்டதெல்லாம் எரிச்சல், கொதிப்பு, வேக்காடு. சூட்டை வைத்து நாம் சொல்லுகிற ஒரே நல்ல வார்த்தை சூடு சொரணை. அது அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் இல்லை.

ஆகவே குளிர்வித்தார்கள். நல்லெண்ணெய்க் குளியல், மோர், பதநீர், இளநீர், நெஞ்சில் ஈரத்துணி. எல்லாவற்றுக்கும் மேலாக ரொமால்டின் ஐஸ். வேலை முடிந்ததும் கையளவு கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி, சைக்கிளை மிதித்து ஓடி வருவான். அதை அவள் உள்ளங்கையில் வைப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடும். வழியெல்லாம் உருகாமல் வந்த கட்டி அவள் கையில் சட்டென்று காணாமல் போகும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்பாள். அந்த ஒரு அப்பாடாவுக்காக அவன் மறுநாள் இன்னும் பெரிய கட்டியாகக் கொண்டு வந்தான்.

ஆடி மாதம் அவளால் நிற்க முடியவில்லை. ஓய்வெடுத்துக்கொள்ளும்படி கம்பெனி அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டது. மாத்திரை நின்றது. சூடு நிற்கவில்லை. புரட்டாசியில் ரொமால்டு அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தூக்கியபோது அவள் எடை அவனுக்குப் பயமாக இருந்தது.

அங்கே டாக்டர் ஃபாஸிலா என்று ஒருவர், காயல்பட்டினத்துக்காரர். அவரும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். உடம்பு கொதிக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் துடையுங்கள் என்றார். ஏசி உள்ள வார்டில் போடச் சொன்னார். அந்த வார்டில் ஓர் இடம் பிடிக்க ரொமால்டு கெஞ்சாத ஆள் இல்லை. இடம் கிடைத்த அன்று அவன் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினான்.

ஏசி வார்டில் ஃபிளாவியா இன்னும் வேகமாகக் கரைந்தாள். குழாய் வழியாக எவ்வளவு சத்து ஏற்றினாலும் போன இடம் தெரியவில்லை. ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. வார்டே வெந்தது. மற்ற நோயாளிகள் புழுங்கித் தவிக்க, ஃபிளாவியா மட்டும் பல நாளைக்குப் பிறகு அசந்து தூங்கினாள். நாடித்துடிப்பு இறங்கியிருந்தது. மின்சாரம் திரும்பி ஏசி ஓட ஆரம்பித்ததும் அது மறுபடி ஏறியது. டாக்டர் ஃபாஸிலா கட்டிலருகே நின்று இரண்டையும் பார்த்தார். பிறகு ரொமால்டை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உங்க மனைவி என்ன வேலை பார்த்தாங்கன்னு மறுபடி சொல்லுங்க."

சொன்னான். மாத்திரையைப் பற்றியும் சொன்னான். "அது வைட்டமின்தான் டாக்டரம்மா" என்றான் அவசரமாக.

"வைட்டமின்தான். ஏ வைட்டமின். அதுல ஏதோ வேலை பண்ணியிருக்காங்க." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நம்ம உடம்புல கொழுப்பு ரெண்டு விதமா இருக்குங்க. வெள்ளைக் கொழுப்பு சேத்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரிச்சுச் சூடாக்கும். குளிர் பட்டா, ஈரல்ல இருக்கிற ஏ வைட்டமின் ரத்தத்துல கொஞ்சம் இறங்கி, வெள்ளையில ஒரு பகுதியைப் பழுப்பா மாத்தும். குளிர் போனா நின்னுடும். இயற்கை அதை அளவா வச்சிருக்கு. இந்த மாத்திரையில அந்த அளவு இல்ல. உங்க மனைவி உடம்புல இருந்த கொழுப்பு முழுக்க அடுப்பா மாறிடுச்சு."

"மாத்திரையத்தான் நிப்பாட்டியாச்சே?"

"தண்ணியில கரையுற வைட்டமினா இருந்தா அப்பவே வெளியேறிப் போயிருக்கும். இது ஈரல்ல போய் உக்காந்துக்கிற சாதி. லேசுல போகாது. அந்த அடுப்பைப் பத்த வைக்கிறது குளிருங்க. குளிர் பட்டாத்தான் அது எரியும். அவங்களக் குளிர்விக்கக் குளிர்விக்க உள்ள இன்னும் எரியும்."

ரொமால்டுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"அப்ப நான் கொண்டாந்த ஐஸு?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். அது நல்ல குணம் என்று எல்லாச் சமயத்திலும் சொல்ல முடியாது. "நானும்தானே ஏசி வார்டுல போட்டேன்" என்றார் மெதுவாக.

"இப்ப என்ன செய்யணும்?"

"சூட்டுல வைக்கணும். நல்ல வெக்கையில. கம்பளி போத்தி, ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணி படாம. அடுப்பு தானா அணையும் வரைக்கும். இந்த ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தைக்குத்தான் சூடு பெட்டி இருக்கு, பெரியவங்களுக்கு இல்ல. பின்னால தகரக் கூரை போட்ட ஒரு ரூம் இருக்கு, அத ஒழிச்சுத் தரச் சொல்றேன். என்னைக்கு அவங்க வாயால குளிருதுன்னு சொல்றாங்களோ, அன்னைக்கு அடுப்பு அணைஞ்சதுன்னு அர்த்தம்."

தெக்லாவிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "சூட்டுக்குச் சூடா? எந்த ஊரு வைத்தியம் இது?" என்று சண்டைக்கு வந்தாள். டாக்டரே உட்கார வைத்து விளக்கிய பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மனசில் பட்டது வாயில் வந்துவிட்டது.

"சூடுதான் வேணும்னா இவ உப்பளத்துலயே கெடந்திருக்கலாமே, தம்பி."

அன்று ரொமால்டு சோறு தின்னவில்லை.

தகரக் கூரை அறையில் ஃபிளாவியாவைக் கம்பளி போர்த்திக் கிடத்தினார்கள். ஐப்பசி தொடக்கத்திலும் தூத்துக்குடி வெயில் விட்டுக்கொடுக்காது. கூரை கொதித்தது. உள்ளே போய் வருகிறவர்கள் நனைந்து வந்தார்கள். ஆனால் அவள் எடை இறங்குவது நின்றது. பிறகு ஒரு துளி ஏறியது. டாக்டர் சிரித்ததை ரொமால்டு அன்றுதான் முதல்தடவை பார்த்தான்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குப் போய்க் கேட்டார். உடம்பு வாகு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி என்றார்கள். மேலிடத்துக்கு எழுதினார். சத்துப் பொருள் எங்கள் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. இதற்குள் அதே ஒட்டிய கன்னத்தோடு இன்னும் சில பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். எல்லோரையும் வீட்டில் வெந்தயமும் இளநீரும் கொடுத்துத்தான் கொண்டு வந்தார்கள்.

நோயைவிட ஃபிளாவியாவுக்கு அந்த வைத்தியம் கொடுமையாக இருந்தது. உள்ளே எரிகிறவளுக்கு மேலே கம்பளி. தெக்லா தண்ணீர் எடுக்கப் போகும் சமயம் பார்த்து ஃபிளாவியா தன் புருஷனிடம் கெஞ்சுவாள்.

"இங்கேருங்க. ஒரே ஒரு துண்டு. வாயில போட்டுக்கிடுதேன். யாருக்கும் தெரியாது."

"வேண்டாம்ட்டி. டாக்டரம்மா சொன்னாவல்லா."

"நீங்கதான கொண்டாந்து தருவீங்க? இப்ப எதுக்கு மாட்டேங்கிய? எம்மேல என்ன கோவம்?"

அவளுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. புருஷன் மாறிவிட்டான் என்றுதான் நினைத்தாள். அவனோ ஐஸ் கம்பெனியிலிருந்து வந்ததும் வெந்நீரில் கையை ஊற வைத்து, சிவக்கும்வரை தேய்த்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைவான். அந்தக் கையின் குளிர்கூட அவள்மேல் பட்டுவிடக் கூடாதாம். அவள் கழுத்தடியில் கையை வைத்துத் திட்டு வாங்கியவன், இப்போது கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். "குளிருதா?" என்று மட்டும் அடிக்கடி கேட்பான். "கொதிக்கு" என்பாள் அவள். "சரி, சரி" என்று தலையை ஆட்டிக்கொள்வான். உலகத்தில் எந்தப் புருஷனாவது பெண்டாட்டி குளிரில் நடுங்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டியிருப்பானா? அவன் வேண்டினான்.

அப்புறம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. வருஷமெல்லாம் கொளுத்துகிற ஊரில் வானம் இருண்டு, விடாமல் மழை பெய்தது. தகரக் கூரைக்கு வெயில் பட்டால் எப்படிக் கொதிக்குமோ, மழை பட்டால் அப்படிக் குளிரும். ஜன்னல் சட்டம் வழியாகச் சாரல் அடித்தது. ரொமால்டு கரி அடுப்பு கொண்டு வந்து வைத்தான். புகை அவளுக்கு மூச்சை அடைத்தது. வெந்நீர்ப் பாட்டில்களை அவளைச் சுற்றி வைத்தான். எல்லாக் கம்பளியையும் மூடினான். என்ன மூடினாலும் ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. டாக்டர் குடையும் இல்லாமல் நனைந்து வந்து வந்து பார்த்துப் போனார். ஒவ்வொரு தடவையும் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"கொழுப்பு தீந்துபோச்சு" என்றார். "விறகு தீந்தா வீட்டுக் கதவைப் பிடுங்கி எரிக்கிற மாதிரி, இப்ப தசை எரியுது. இதயமும் தசைதான்."

மழை விட்டது ஒரு காலையில். ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் சுள்ளென்று அடித்தது. கூரையிலிருந்து ஆவி எழும்பியது. வெயிலைக் கண்டதும் ரொமால்டின் முகத்தில் உயிர் வந்தது. கம்பளிகளை வெளியே எடுத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இனி அவங்க ஐஸ் கேட்டா குடுங்க" என்றார்.

"குடுக்கலாமா டாக்டரம்மா? அப்ப அடுப்பு அணஞ்சிட்டா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்தார். ரொமால்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையிலிருந்த கம்பளியை ஒழுங்காக மடித்தான். மடித்து வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

ஐஸ் கம்பெனியில் நல்ல கட்டியாகப் பார்த்து, கண்ணாடி போல இருந்த நடுப்பகுதியை உடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டான். வழியில் இறால் கம்பெனிப் பஸ் அவனைக் கடந்து போனது. ஜன்னலோரம் பெண்கள் மெல்லிய பருத்திச் சட்டையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். வண்டியை மறித்துக் கத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் ஐஸ் உருகிவிடும்.

வெந்நீரில் கையை நனைக்காமல் நேராக அறைக்குள் போனான். ஃபிளாவியா அவனையும் சாக்கையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன். கைய நீட்டு."

அவளால் நீட்ட முடியவில்லை. அவனே கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையில் கட்டியை வைத்தான். வழக்கம்போலத் தண்ணீர் ஓடும் என்று அவள் முழங்கைக்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். துண்டு நனையவில்லை. மேசைமேல் வைத்த மாதிரி ஐஸ் அவள் கையில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஃபிளாவியா கண்ணை மூடினாள். அவன் அந்த அப்பாடாவுக்காகக் குனிந்தான்.

"குளிருதுங்க" என்றாள்.

கதவோரம் நின்றிருந்த தெக்லாவுக்கு அது காதில் விழுந்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "ஏசுவே, சொல்லிட்டாளே! குளிருதுன்னு அவ வாயாலயே சொல்லிட்டாளே!" என்று கூவிக்கொண்டு, சேலை தடுக்கத் தடுக்க, டாக்டரைத் தேடி வராந்தாவில் ஓடினாள். அவள் சந்தோஷக் குரல் அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்டது.

ரொமால்டு ஐஸை எடுத்துத் தரையில் வைத்தான். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டான். காலையெல்லாம் ஐஸ் பிடித்து விறைத்திருந்த கை அவனுடையது. அவளுடைய கை அதைவிடக் குளிர்ந்திருந்தது.